மூத்திரப் பையும் நரம்பும்: தம்பதியர் அறிய வேண்டியவை

(ஆரம்ப சுகாதார நிலையத் தம்பதியர் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் ஆற்றிய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றதும், கருத்தடை, தடுப்பூசி, பிள்ளைக்கு எடை போடுவது, இதைத்தான் பேசப் போகிறார்கள் என்று வந்திருப்பீர்கள். இன்றைக்கு மூத்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசையில் சிரிக்கிறது கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் நரம்பு கெட்டு மூத்திரம் கட்டுக்குள் நிற்காமல் போன ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. பேசுவதும் இல்லை. பேசாமல் இருப்பதால்தான் பாதிக் கெடுதல் வருகிறது.

பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால் சொட்டுச் சொட்டாய்ப் போகிறதே, அது வேறு சங்கதி. அது இடுப்புத் தசை தளர்ந்து போவதால் வருவது. அதற்குப் பயிற்சி இருக்கிறது, செவிலியர் சொல்லித் தருவார். இன்று நான் சொல்ல வந்தது நரம்பினால் வரும் கோளாறு.

நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இருக்கிறது, அடியில் வால்வு இருக்கிறது. தொட்டி நிரம்பிய சேதி ஆபரேட்டருக்குப் போக ஒரு ஒயர் இருக்கிறது. சிறுநீர்ப்பைதான் தொட்டி. அதன் வாசலில் இருக்கும் சுருக்குத் தசைதான் வால்வு. ஆபரேட்டர் நம்ம மூளை. ஒயர் என்பது முதுகெலும்புக்குள்ளே ஓடும் தண்டுவடம். வளர்ந்தவர்களுக்குப் பையில் 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும், அதாவது பெரிய டம்ளரால் இரண்டு டம்ளர். பாதி நிரம்பும்போதே மூளைக்குத் தகவல் போய்விடும். "கொஞ்சம் பொறு, பஸ்ஸை விட்டு இறங்கட்டும்" என்று மூளை சொன்னால் பை பொறுத்துக்கொள்ளும். "இப்போ போகலாம்" என்றால் பை சுருங்கும், அதே நேரத்தில் வாசல் திறக்கும். இரண்டும் ஒன்றாய் நடக்க வேண்டும். அந்த ஒற்றுமையை நடத்துவது நரம்பு.

ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்து இரண்டு விதமாய்க் கோளாறு வரும். முதுகெலும்பின் கடைசிப் பகுதியில், வால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே போகும் நரம்புகள் கெட்டால், பை துவண்டு போகும். சுருங்கவே சுருங்காது. நிரம்பி வழிந்து சொட்டும். பார்க்கிறவர்கள், "தானாய்ப் போய்க்கிட்டேதானே இருக்கு, அடைப்பு ஒண்ணும் இல்லை" என்று நினைப்பார்கள். உள்ளே ஒரு லிட்டர் தேங்கி நிற்பது யாருக்கும் தெரியாது. அதற்கு மேலே, முதுகிலோ கழுத்திலோ அறுந்தால், பை மூளையைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். சில பேருக்குப் பை சுருங்குகிற அதே நேரத்தில் வாசலும் இறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றிலும் ஆபத்து இதுதான். பை அழுத்துகிறது, கீழே வழியில்லை, அழுத்தம் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்புகிறது. வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஓட விட்டால் எது கெடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம் இதோ. வெளியே போய் வேட்டி நனைகிறதே, சேலை நனைகிறதே, அது மானக்கேடு என்று நாம் நினைக்கிறோம். உயிருக்கு ஆபத்து அதில் இல்லை. வெளியே வராமல் உள்ளே தேங்கி நிற்கிறதே, அதில்தான் இருக்கிறது. நனைவதைத் துடைத்துவிடலாம். கெட்டுப்போன சிறுநீரகத்தை என்ன செய்வது?

முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, முதுகுத் தண்டில் குண்டடி பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார்கள். பலரைக் கொன்றது குண்டுக் காயம் அல்ல, மூத்திரத் தொற்றும் படுக்கைப் புண்ணும்தான். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். பையையும் தோலையும் ஒழுங்காய்க் கவனித்தால் இவர்கள் பல வருஷம் வாழலாம், வேலைக்கும் போகலாம் என்று காட்டினார். நம் வேலூரில் மேரி வர்கீஸ் என்ற பெண் மருத்துவர் 1954-ல் வாகன விபத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே முன்னோடி. ஆகவே, "இனி என்ன இருக்கு, கட்டில்தான் கதி" என்கிற பேச்சு நம் வீட்டில் வேண்டாம்.

நம் பக்கத்தில் இந்தக் கோளாறு யாருக்கு வருகிறது? தென்னையிலும் பனையிலும் ஏறி விழுந்தவர்களுக்கு, கிணற்றுக்குள் விழுந்தவர்களுக்கு, கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர்களுக்கு, இரு சக்கர வண்டி விபத்தில் சிக்கியவர்களுக்கு. முதுகெலும்பில் காசநோய் தாக்கினாலும் வரும். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பலபேருக்கு அடக்கி வைக்க முடியாமல் போகும். வாரங்கள் போகப் போகப் பலருக்கு அது சரியாகும். அதுவரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கூட்டிப்போய் உட்கார வைத்தால் படுக்கை நனையாது. சர்க்கரை வியாதி பல வருஷமாய் இருப்பவர்களுக்குப் பை நிரம்பிய உணர்வே மழுங்கிப் போகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் போவார். "எனக்கு அடிக்கடி போற தொந்தரவே இல்லைங்க" என்று பெருமையாய்ச் சொல்வார். அது பெருமை இல்லை, அய்யா! மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும். போய் முடித்த பின் கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு தடவை முயற்சி செய்ய வேண்டும். அவசியம் மருத்துவமனையில் காட்டி, போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கிக் காரில் மடக்கிப் போடுவது இன்னமும் நடக்கிறது. பாதி அறுந்த ஒயரை முழுசாய் அறுப்பது அந்தத் தூக்கல்தான். 108-ஐக் கூப்பிடுங்கள். அது வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நகர்த்தியே ஆக வேண்டிய ஆபத்து என்றால், நான்கு பேர் சேர்ந்து கட்டையை உருட்டுவது மாதிரி உடம்பை ஒரே வாக்கில் உருட்டிப் பலகையில் வையுங்கள். இன்னொன்று. கடுமையான இடுப்பு வலியோடு, தொடையின் உட்புறமும் ஆசன வாயைச் சுற்றியும் மரத்துப்போய், மூத்திரம் நின்றுவிட்டால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுக்குத் தைலம் தேய்த்து இரண்டு நாள் பார்ப்போம் என்றால், நரம்பு திரும்பாமலே போகலாம்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், பேரும் ஊரும் வேண்டாம். புருஷன் மரம் ஏறி விழுந்தவர், கால் இரண்டும் வரவில்லை. பெஞ்சாதி நல்ல பொறுப்புக்காரி. படுக்கை நனையாமல் இருக்கட்டும் என்று அந்தம்மா தண்ணீரைக் குறைத்துவிட்டார். காலையில் ஒரு டம்ளர் காப்பி, சாயங்காலம் அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். நனைவது குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அந்த மனுஷனுக்கோ நாள் பூராவும் நாக்கு வறளும், வெட்கத்தினால் கேட்க மாட்டார். "இன்னொரு தடவை துணி மாத்த வைக்கணுமா, பாவம் அவ" என்று அவர் நினைப்பு. மாதக்கணக்கில் இப்படிப் போய், ஒரு நாள் குளிரும் காய்ச்சலுமாய்க் கொண்டுவந்தார்கள். பார்த்தால் பையில் கல், இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றன. அன்பினால் செய்ததுதான், ஆனால் அன்புக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்து, இருவருக்கும் குழாய் போடப் பழக்கிவிட்டார்கள். இப்போது அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டோரம் கடை வைத்திருக்கிறார். மணி அடித்தால் எழுந்து உள்ளே போவது மாதிரி, நேரம் ஆனால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் வந்துவிடுகிறார்.

குழாய் என்றதும் பயப்படுகிறீர்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளேயே வைத்துப் பை மாட்டிவிடுவது. விபத்து நடந்த புதிதில் அதுதான் போடுவார்கள். வருஷக்கணக்கில் அதையே வைத்திருந்தால் தொற்று வரும், கல் கட்டும், ஆண்களுக்குக் குழாய் போகும் வழி அறுந்து புண்ணாகும். வேறு வழியில்லாதவர்களுக்கு அதுவும் தேவைதான். அவர்கள் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க விட வேண்டும், குழாயை இழுபடாமல் தொடையிலோ அடிவயிற்றிலோ ஒட்டி வைக்க வேண்டும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை செவிலியரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகையைத்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெல்லிய குழாயைச் செலுத்தி, பையைக் காலி செய்து, குழாயை உடனே எடுத்துவிடுவது. நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவர்களே தங்கள் கையால் செய்துகொள்வது. முன்பெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில் செய்கிறது மாதிரி கிருமி நீக்கிய கையுறை, கிருமி நீக்கிய தட்டு, எல்லாம் இருந்தால்தான் குழாய் போடலாம் என்று இருந்தது. 1972-ல் அமெரிக்காவில் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீர் மருத்துவ நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது: பை அளவுக்கு மீறி உப்பினால் அதற்கு இரத்த ஓட்டம் குறைகிறது, கிருமியை எதிர்க்கும் சக்தி போய்விடுகிறது. ஆகவே கொஞ்சம் கிருமி உள்ளே போவதைவிட, நேரத்துக்குக் காலி செய்யாமல் விடுவதுதான் கெடுதல். சோப்புப் போட்டுக் கழுவிய கை, சுத்தமான குழாய், தவறாத நேரம், இது போதும். அன்றைக்குப் பல மருத்துவர்கள் நம்பவில்லை. இன்று உலகம் பூராவும் இதுதான் நடைமுறை. நம் கிராமத்துக்கு இதைவிட ஏற்ற வைத்தியம் ஏது? தியேட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் கடிகாரமும்தான் வேண்டும்.

செய்முறையைக் காகிதத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும். ஆனாலும் சுருக்கமாய்ச் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தையும் சோப்பாலும் தண்ணீராலும் கழுவுங்கள். குழாயில் ஆஸ்பத்திரியில் தரும் ஜெல்லியைத் தடவுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். மெதுவாய்ச் செலுத்துங்கள். பெண்கள் ஆரம்பத்தில் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், பிறகு விரலுக்கே இடம் பழகிவிடும். நீர் நின்ற பிறகு மெல்ல வெளியே எடுங்கள். குழாயை உள்ளும் புறமும் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வையுங்கள். ஒரு குழாயை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். போகாமல் இடித்தால் பலவந்தம் பண்ணாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, இருமச் சொல்லி, மறுபடி பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். அடிவயிற்றை அமுக்கி வெளியேற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யக்கூடாது, அந்த அமுக்கல் மேலே சிறுநீரகத்துக்குப் போகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். ஒவ்வொரு தடவையும் 500 மில்லிக்கு மேலே வந்தால் இடைவெளி நீளம் என்று அர்த்தம், நேரத்தைச் சுருக்குங்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர், பகல் முழுவதும் பகிர்ந்து குடிக்க வேண்டும். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மலச்சிக்கல் வந்தாலும் பை சரியாய் வேலை செய்யாது, ஆகவே கீரையும் பழமும் தட்டில் இருக்கட்டும். பை ஓயாமல் சுருங்கி நனைகிறவர்களுக்கு அதைத் தளர்த்த மாத்திரை உண்டு, வாய் கொஞ்சம் வறளும். மாத்திரை போதாதவர்களுக்கு ஊசி மருந்து இருக்கிறது. எது வேண்டும் என்பது பெரிய ஆஸ்பத்திரிச் சோதனையில் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரக ஸ்கேனும் இரத்தச் சோதனையும் அவசியம், உடம்பு நன்றாய் இருந்தாலும் கூட.

மூத்திரம் கொஞ்சம் கலங்கலாய்ப் போனதும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். குழாய் போடுகிறவர்கள் மூத்திரத்தில் கிருமி இருப்பது சகஜம். குளிர் காய்ச்சல், இரத்தம், முதுகு விலாவில் வலி, இவை இருந்தால்தான் மருந்து, அதையும் நாங்கள் கொடுக்க வேண்டும். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவர்கள் உள்ள வீட்டார் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை, முகம் சிவப்பது வந்தால் காற்று, கருப்பு என்று மந்திரிக்க ஓடாதீர்கள். பை நிரம்பி உடம்பு எச்சரிக்கிறது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், பையைக் காலி செய்யுங்கள். உள்ளேயே குழாய் இருந்தால் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் 108.

இனி தாம்பத்தியம். இதைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை, ஆகவே கேட்காமலே சொல்லிவிடுகிறேன். வீட்டில் முதலில் நடப்பது கட்டிலைத் திண்ணைக்கு மாற்றுவது. நாற்றம் அடிக்கும், நனையும் என்பார்கள். அதற்குப் பிறகு புருஷனும் பெஞ்சாதியும் நோயாளியும் ஆயாவும் ஆகிவிடுகிறார்கள். அப்படி ஆக வேண்டியதில்லை. குழாயால் காலி செய்துவிட்டால் சில மணி நேரம் நனையும் பயம் குறைவு. தம்பதியர் சேர்ந்திருப்பதற்கு முன் காலி செய்துகொள்வது என்பது ஒரு வழக்கமாகட்டும். உணர்வு குறைந்திருந்தாலும் நெருக்கம் இருக்கலாம். ஆண்களுக்கு விறைப்புக்கும், பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு விந்து எடுக்கவும் மருத்துவ உதவி இருக்கிறது. தண்டுவடம் அடிபட்ட பெண்களுக்குச் சில மாதம் மாதவிலக்கு நின்று, பிறகு வழக்கம்போல் வரும். கர்ப்பமும் தரிக்கும். "இவளுக்கு இனிமேல் எங்கே" என்று கருத்தடையை விட்டுவிடாதீர்கள். எந்த முறை என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். கால் அசையாதவர்களுக்குக் கருத்தடை மாத்திரையால் இரத்தக் கட்டி உண்டாகலாம். உணர்வில்லாதவர்களுக்கு லூப் நகர்ந்தாலும் வலி தெரியாது. கர்ப்பமானால் பிரசவ வலியே தெரியாமல் போகலாம், ஆகவே முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்ய வேண்டும்.

புதுத் தம்பதிகளுக்குத் தனியாய் ஒரு வார்த்தை. சில குழந்தைகள் முதுகெலும்பு மூடாமல், நடு முதுகில் கட்டியோடு பிறக்கின்றன. பிறந்த நாளிலிருந்தே அவர்களுக்கு இந்த மூத்திரக் கோளாறு. அந்த முதுகுத் தண்டு மூடுவது கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்குள், அதாவது பலருக்குக் கர்ப்பம் என்று தெரியும் முன்பே முடிந்துவிடும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரை, தினம் 400 மைக்ரோகிராம், ஆரம்பிக்க வேண்டும். ஒரு தடவை இப்படிப் பிள்ளை பிறந்த தாய்க்கு இதைவிடப் பத்து மடங்கு அளவு தேவை. அப்படிக் கொடுத்தால் அடுத்த பிள்ளைக்கு வருவது ஏறக்குறைய முக்கால் பங்கு குறைகிறது என்று 1991-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த அளவைச் சாப்பிட வேண்டாம்.

படுக்கையை விட்டு நகர முடியாதவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கும் சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நம் சுகாதார ஆய்வாளர் எழுதிக் கொடுப்பார்.

கூட்டம் முடிந்ததும் உள் அறையில் செவிலியர் குழாயும் பொம்மையும் வைத்துக் காட்டுவார். பெண்களுக்கு முதலில், ஆண்களுக்குப் பிறகு. வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், தம்பதியாய்ச் சேர்ந்தே வாருங்கள். நோட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.